சுக்கான் கம்பி

— கைய வைக்காதீங்க மாமா, துருத் தூளு கொட்டும். அப்புடியே பேப்பரோட பிரிங்க.

— அட சாமி! மாப்ள, இது நான் குடுத்த கம்பியா? இந்தத் தங்கராசு கடையிலேருந்து போனதா?

— உங்க கடையிலேருந்து போனதுதான். நானே கட்டுன விமானத்து வாலுல சுக்கானத் திருப்புற கம்பி. வெளிய பாருங்க, பச்சப் பிளாஸ்டிக்கு நேத்து வாங்குனாப்புல பளபளங்குது. இப்ப உள்ள பாருங்க.

— உள்ள பாக்குறதுக்கு என்னா மாப்ள இருக்கு? மொளகாத்தூளு கணக்கா உதுருது. அட சாமி, அட சாமி! கடலூர் துறைமுகத்துல இத்தினி வருசமா போட்டுக்காரங்களுக்கு ஒயர் ரோப்பு விக்கிறேன். ஒருத்தன் வந்து இப்புடி ஒன்னக் காட்டுனதில்ல.

— போட்டுக்காரன் அப்பப்ப கழட்டி மாத்திப்புடுவான் மாமா. நான் கம்பிய மாட்டிட்டு ரெண்டு மழைக்காலம் விமானத்தக் கொட்டாயிலயே நிறுத்தி வச்சேன். கிள்ளை ரோட்டு உப்புக் காத்து சும்மா விடுமா? முனையில நூலளவு சந்து இருந்திருக்கு. அது வழியா ஈரம் உள்ள போயிருக்கு. போனது வெளிய வரல.

— இரு, இரு. இத வச்சுக்கிட்டு நீ பறந்தியா?

— பறந்திருந்தா இப்ப உங்க முன்னாடி நின்னு பேசிக்கிட்டா இருப்பேன்? வல்லாஹி, சிதம்பரத்துல எனக்கு ஜனாஸா தொழுகை முடிஞ்சிருக்கும்.

— வாயக் கழுவுங்க மச்சான்.

— பாத்தீங்களா மாமா, நௌஷீனுக்குக் கோவத்த. என் வீட்டுக்காரி வாயத் தொறந்தாலே இப்பல்லாம் அதட்டல்தான்.

— அதட்டாம என்னா பண்ணும்? ஏம்மா நௌஷீன், நீ ஏன் நிக்கிற? அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காரு. மீன் வாடை அடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்க.

— இருக்கட்டும் மாமா. நீங்க மொதல்ல புதுக் கம்பிய எடுத்துப் போடுங்க. நான் பாக்கணும்.

— நீ பாக்கணுமா? மாப்ள, இது என்னா கூத்து?

— அதத்தான் நானும் கேக்குறேன். இவ கொட்டா வாசல மிதிச்சவ இல்ல மாமா. விமானம்னு சொன்னாலே மூஞ்சத் திருப்பிக்குவா. இன்னிக்குக் காலையில நான் கடலூருக்குக் கெளம்புறேன், கதவத் தொறந்துக்கிட்டு கார்ல ஏறி ஒக்காந்துட்டா. எங்கடீன்னா, கம்பி வாங்கப் போறீங்கல்ல, நானும் வரேன்ங்குறா.

— வந்தது தப்பா? அது கெடக்கட்டும், நீங்க மாமாகிட்ட நடந்தத முழுசா சொல்லுங்க. அப்பதான் அவரும் பாத்துக் குடுப்பாரு.

— கேளுங்க மாமா. நேத்து ஞாயித்துக்கெழமதான் மொத மொதல்ல பறக்குறதா இருந்துச்சு. அனுமதிக் காயிதம் வந்தாச்சு. திருமுட்டம் பக்கத்துல, கொட்டாயில எனக்கு ஒத்தாசையா இருக்குற நம்ம கதிர்வேலு நெலத்துல டிராக்டர் உட்டு ஓடுபாதை மட்டம் பண்ணியாச்சு. வெள்ளிக்கெழம ஜும்மா தொழுதேன், வீட்டுக்கு வந்து சாப்புட்டேன், கடைசியா எல்லாத்தையும் ஒருக்கா ஆட்டிப் பாத்துரலாம்னு கொட்டாயத் தொறந்தேன். சீட்டுல ஏறி ஒக்காந்து, சுக்கானத் திருப்புற வலது மிதிய ஒரு மிதி. காலு தொபுக்குனு உள்ள போவுது.

— புடிமானமே இல்லாம?

— ஒன்னுமே இல்ல. எறங்கி வந்து பாத்தா வாலுகிட்ட கம்பி அறுந்து தொங்குது. அங்கேயே தரையில ஒக்காந்துட்டேன். அதே கம்பி மேல போய் அறுந்திருந்தா?

— சொல்லாத. நான்தான மாப்ள சொன்னேன், பிளாஸ்டிக் போட்டது எடுத்துக்கன்னு? இதே எடத்துல நின்னு சொன்னேன். எனக்கு எப்புடி இருக்கு தெரியுமா?

— நீங்க சொல்லலன்னாலும் நான் அதத்தான் கேட்டிருப்பேன். நம்ம ஊருல ஜன்னல் கம்பிக்கே வருசா வருசம் பெயிண்டு அடிக்கிறோம். பீரோவுக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, வண்டிச் சாவிக்கு உறை. கடலோரத்துல பொறந்தவன் எவன் வெறும் கம்பிய நம்புவான்? மூடி வச்சாத்தான் நமக்குத் தூக்கமே வரும். மூடுனா உள்ள நடக்குறது தெரியாதுன்னு ஒரு நிமிசம் யோசிக்கல.

— நீ சார்ஜாவுல லிப்டு மெக்கானிக்கா இருந்தவன். உனக்குமா தோணல?

— லிப்டு கம்பி பிசுக்குப் பிசுக்குன்னு எண்ணெயோட வெறுசா தொங்கும் மாமா. அது பாலைவனம், இது கிள்ளைன்னு நெனச்சேன். ஊருக்கு வந்ததும் ஊருப் புத்தி வந்துடுச்சு.

— சரி வுடு. ஆளு முழுசா நிக்கிற. எனக்கு அது போதும். என் பொண்டாட்டிகிட்டச் சொன்னா இன்னிக்கே பாடலீஸ்வரருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்துடுவா, உன் பேருக்கு.

— பண்ணச் சொல்லுங்க. எங்க மாமியாரு ஏற்கனவே தெருவு முழுக்க நேர்ச்சைச் சோறு குடுத்தாச்சு.

— எங்க உம்மா ஆக்குனதுல இவருக்கு ஒரு வாய் உள்ள போவல மாமா. ரெண்டு நாளா பேயறைஞ்சாப்புல திரிஞ்சாரு. இன்னிக்குத்தான் சிரிக்கிறாரு.

— சிரிக்காம? உசுரோட இருக்கேன்டீ. காலையில பல்லு வெளக்கும்போதே சிரிப்பு வருது.

— ஏம்மா, நான் ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காத. இவ்ளோ நடந்த பெறவு இன்னொரு கம்பி வாங்க நீயே கூட வந்திருக்க. வேணாம்னு நீ ஒரு வார்த்த சொன்னா மாப்ள கேக்க மாட்டானா?

— எத்தினி தரம் சொல்லியாச்சு மாமா. கல்யாணம் ஆனதுலேருந்து இந்த மூஞ்சிய நான் போன்லதான் பாத்தேன். புள்ள பொறந்ததக் கூட வீடியோவுலதான் காட்டுனேன். ஒருவழியா வீட்டோட வந்து சேந்தாரேன்னு பாத்தா, மனுசன் மேல போறேன்னு நிக்கிறாரு. அழுது பாத்தேன், சண்ட போட்டுப் பாத்தேன், பேசாம இருந்தும் பாத்தேன்.

— இப்ப?

— இப்ப பயம் போயிடுச்சுன்னு சொல்லல. ஆனா வெள்ளிக்கெழம தரையில ஒக்காந்து அழுதாரு மாமா. கொட்டாயிலேருந்து தூக்கிட்டு வந்து வீட்டுல வுட்டாரு கதிர்வேலு அண்ணன். ‘இனிமே தொட மாட்டேன் நௌஷீன், வித்துடுறேன்’னாரு. நான் கேட்ட வார்த்தை அதுதான். ஆனா இவரு மொகத்த அப்புடி நான் பாத்ததே இல்ல. அதான் சொல்லிட்டேன், விக்க வேணாம், நல்ல கம்பியா போட்டுக்குங்க, ஆனா நான் பாத்துத்தான் போடணும்னு.

— அட சாமி. கேட்டியா மாப்ள?

— கேட்டதும் எனக்கே நம்ப முடியல. அல்ஹம்துலில்லாஹ்.

— அப்ப வாம்மா, நீயே பாரு. மாப்ள போன் பண்ணதும் மெட்ராஸ்லேருந்து வரவழைச்சது. ரெண்டு சுருளு. ரெண்டுமே ஒரே கனம், ஒரே முறுக்கு. ஏழு புரி, ஒவ்வொரு புரிக்குள்ளயும் பத்தொம்பது இழை. வளைச்சுப் பாரு.

— நல்லா நூலாட்டம் வளையுதே. இரும்பா இது?

— இரும்புதான். இழை பொடிசா இருக்கறதால வளையுது. வெறைப்பான கம்பியப் போட்டா கப்பியில திரும்புற எடத்துல முறிஞ்சு போவும். இது கால்வனைஸ். பலம் ஜாஸ்தி. கப்பியில எத்தினி தரம் மடங்குனாலும் தாங்கும்.

— அது?

— அது ஸ்டெயின்லெஸ். பலம் ஒரு பொட்டு கம்மி. கப்பிகிட்ட சீக்கிரமா தேயும். ஆனா உப்புக்கு அசராது.

— நான் கால்வனைஸ் போடலாம்னு இருக்கேன் நௌஷீன். உலகம் பூரா வீட்டுல விமானம் கட்டுறவங்க நெறைய பேரு அதத்தான் போடுறாங்க.

— அவுங்க வீடெல்லாம் கிள்ளை ரோட்டுலயா இருக்கு?

— ஹா! பதில் சொல்லு மாப்ள.

— இல்லடீ, பலம்னு பாத்தா...

— மாமா, அந்தப் பலம் கம்மிங்குறீங்களே, இவரு காலால மிதிக்கிற மிதிக்கு அது பத்துமா பத்தாதா?

— தாராளமா பத்தும்மா. இவன் மாதிரி நாலு பேரு சேந்து தொங்குனாலும் அறாது.

— அப்ப பலத்த விடுங்க. கெட்டுப்போனா எது வெளிய காட்டும்? நான் அத மட்டும்தான் கேக்குறேன். உள்ளுக்குள்ளயே அழுவிக்கிட்டு வெளிய பளபளன்னு நிக்கிறது எனக்கு வேணாம்.

— வெறும் கம்பின்னா ரெண்டுமே காட்டும்மா. தேயுற எடத்துல மொதல்ல ஒரு இழை, ரெண்டு இழைன்னு அறுந்து முள்ளு முள்ளா நீட்டிக்கும். பழைய பனியன் துணியச் சுத்தி கம்பி நீளத்துக்கும் இழுத்துக்கிட்டே போனா, முள்ளு இருக்குற எடத்துல துணி மாட்டிக்கும். அங்க கம்பிய லேசா மடக்கிப் பாத்தா உள்ள துரு இருக்கான்னும் தெரிஞ்சிடும். கைய மட்டும் வெறுசா ஓட்டிடாத, கிழிச்சுப்புடும்.

— அப்ப ஸ்டெயின்லெஸ் குடுங்க. பிளாஸ்டிக்கு இல்லாம. துணி போட்டு இழுக்குறது என் வேல. ஒவ்வொரு தரம் இவரு மேல போறதுக்கு முன்னாடியும் நான் இழுத்துப் பாப்பேன். துணி மாட்டுனா அன்னிக்குப் பயணம் இல்ல.

— மாமா, எனக்கு இன்ஸ்பெக்டர் வந்தாச்சு போலருக்கே!

— வாய்ச்சது உன் அதிர்ஷ்டம். நறுக்கிடவா?

— நறுக்குங்க மாமா. சுக்கானுக்கு மட்டும் இல்ல, எறக்கைக்கு, வாலுத் தட்டுக்கு, எல்லாத்துக்கும் புதுசு. பழச ஒன்னு விடாம உருவிட்டேன்.

— மத்த கம்பியெல்லாம் எப்புடி இருந்துச்சு?

— பச்சத் தோலக் கீறிக் கீறிப் பாத்தோம், நானும் கதிர்வேலும். எல்லாமே இதே கதி. கதிர்வேலு வெளிய போயி ஒரு பாட்டில் தண்ணிய மொத்தமா குடிச்சான். அவந்தான் ரெண்டாவது தடவ என்கூட பக்கத்து சீட்டுல வரதா இருந்தவன்.

— தப்பிச்சீங்கடா சாமி. ஆனா மாப்ள, ஒன்னு எனக்கு வெளங்கல.

— என்னா?

— துரு புடிச்ச கம்பிதான், சரி. ஆனா நிறுத்தி வச்ச விமானம் அது. சுக்கான் அசையல, மிதிய யாரும் மிதிக்கல. நீ வந்து ஒக்காரும்போதே அறுந்து கெடந்துச்சுங்குற. இழுக்காம கம்பி எப்புடி அறும்?

— அல்லா காப்பாத்துனான் மாமா. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.

— நான் அவன இல்லன்னு சொல்லல. அவன் நெனச்சாலும் கம்பிய இழுக்க ஒரு கை வேணுமில்ல? கொட்டாயத் தொறந்து வச்சிருந்தியா?

— பூட்டுதான். ரெண்டு பூட்டு. ஜும்மாவுக்குப் போறப்ப கதிர்வேலும் சாப்புடப் போயிட்டான். ஒரு ஈ காக்கா கெடையாது.

— அப்ப இதப் பாரு. துருவத் தட்டிட்டுப் பாரு. கம்பி பிச்சுக்கிட்டு வந்தாப்புல பிசிறு பிசிறா இருக்கு. ஆனா மேல இருக்குற பிளாஸ்டிக்கு? சுத்திவர நேரா, நறுக்குனு இருக்கு.

— எலி கடிச்சிருக்கும் மாமா.

— எலி கடிச்சா பல்லுப் பல்லா இருக்காதா? இது வெட்டு மாப்ள. நான் நாள் முழுக்க கம்பி வெட்டுறவன்.

— வெட்டா? குடுங்க பாப்போம். அட ஆமா... அப்ப எவனோ வேணும்னே வந்து கைய வச்சிருக்கான்!

— பதறாத. எவனா இருந்தாலும், அவன் கை வைக்கலன்னா நேத்து நீ இதோட மேல போயிருப்ப.

— அதுவும் நெசம்தான். கம்பி ஒரு மிதிக்குத் தாங்கியிருக்கும், ரெண்டு மிதிக்குத் தாங்கியிருக்கும், மேல போய் மூணாவதுக்கு... வேணாம், நெனைக்கவே வேணாம். எவன் கையோ, என்ன நெனச்சு வச்சானோ, அந்தக் கை மட்டும் என் முன்னாடி வந்தா புடிச்சுக் கண்ணுல ஒத்திக்குவேன் மாமா. எதுக்குடீ அழுவுற? ஏய் நௌஷீன், எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சுதே, இப்ப போயி எதுக்கு அழுவுற?

— நீங்க பள்ளிக்குப் போனதும் சாவிய எடுத்துக்கிட்டு நான்தான் போனேன் மச்சான். ரெண்டா வெட்டிப் போட்டா மிதிச்சதுமே தெரிஞ்சிடும், ஞாயித்துக்கெழம போவ மாட்டீங்கன்னு நெனச்சேன், ஆனா மேல் தோலத்தான் சுத்தி அறுத்தேன், கத்தி கம்பிக்குப் போறதுக்குள்ள, புடிச்சிருந்த கையோட அதுவா அறுந்து வந்துடுச்சு.