அக்கரையில் கால் வைத்தவர்கள்

எனக்குச் சர்க்கரை இல்லாத டீ போதும். டாக்டர் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும்; இந்த விசாரணை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இனிப்பு கேட்டால் நீங்கள் அதையும் குறித்துக்கொள்வீர்கள். உங்கள் பென்சில் தாளை விட்டு எழவே மாட்டேன் என்கிறது. தப்பில்லை. திட்ட அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் பொறியாளனாக இருந்தவன் நான். மனு கொடுப்பவரை முதலில் சந்தேகப்படு என்றுதான் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்தத் தடவை ஆற்றுக்கு ஒரு பாலம்தான் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கேட்டது இரண்டு துறைக்காரர்கள். ஆற்றின் மேல்பக்கம் ஒரு படகுத்துறை, கீழ்ப்பக்கம் ஒன்று. மூன்று நாள் உட்கார்ந்து, எங்கே அதிகம் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். அங்கே பாலம். கடந்தவர் என்றால் அக்கரையில் கால் வைத்தவர். அந்த விளக்கத்தை எழுதியது நான்தான். பாதி ஆற்றில் திரும்பி வருகிறவனையெல்லாம் எண்ண முடியுமா?

கீழ்த்துறையில் கூட்டம் அதிகம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அக்கரையில். மேல்துறைக்கு அந்தப் பக்கம் என் தங்கை வாக்கப்பட்டிருக்கிறாள். போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பாட்டு. “ஊருக்கெல்லாம் ரோடு போடுறியே அண்ணே, கூடப்பிறந்தவ வீட்டுக்கு வர மட்டும் உனக்கு நீச்சல் தெரியணுமா?”

சிரித்துத்தான் வைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. எனக்கு இளகிய மனசு. என் மனைவி இதை ஒரு நோய் மாதிரி சொல்லுவாள்.

கீழ்த்துறைப் படகுக்காரர் நல்ல மனிதர். அவரே அலுவலகத்துக்கு வந்து சொன்னார். “சார், வர்ற வாரம் படகைக் கரையேத்தி தார் பூசுறேன். நாலு நாள் ஓடாது. அதுக்கடுத்த வாரம் எண்ண வாங்க.” நன்றி சொல்லி, அந்த நாலு நாளையும் குறித்துக்கொண்டேன். கணக்கெடுப்பை அதற்குள்ளேயே வைத்தேன். என் நாள்காட்டியில் வேறு நாள் காலியாக இல்லை.

இருந்தது. சரி, எழுதிக்கொள்ளுங்கள். இருந்தது.

முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாளும் பூஜ்யம். என்னோடு எண்ண வந்த பெண், எனக்குக் கீழே வேலை பார்ப்பவள், கேட்டாள். “சார், படகு கரையில கிடக்கே, குறிப்புல எழுதட்டுமா?”

“குறிப்பெல்லாம் யாரும்மா படிக்கிறா? எண் போதும்.”

அவள் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் மேல்துறைக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் இங்கே வந்ததற்கு அவள்தான் காரணம் என்று தெரியும். இருக்கட்டும், கெட்டிக்காரப் பெண்.

இரண்டாம் நாள் சாயங்காலம் படகுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “இப்படி சைபர் போட்டா எங்களுக்குப் பாலம் வருமா சார்?”

“வராது” என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

“நாளைக்கு இறக்கிடட்டுமா?”

பழைய தாரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். புதுசு இன்னும் பூசவில்லை. படகு கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பலகைக்கு நடுவே என் சுண்டுவிரல் போயிற்று. நுழைத்துப் பார்த்தேன். பொறியாளன் புத்தி.

“அது உங்க இஷ்டம். இறக்கினா ஆளை நெறைய ஏத்துங்க. ஒரு நாள்ல மூணு நாளை ஈடுகட்டணும்ல” என்றேன்.

இடுக்கில் பழந்துணியை அடைத்து, காலையில் இறக்கிவிட்டார். அக்கரையில் ஒரு வேலையும் இல்லாதவர்கள்கூட, எண்ணிக்கை ஏறட்டும் என்று வந்து ஏறினார்கள். ஒரு மருமகள் மாமியாரை இழுத்துக்கொண்டு வந்தாள். “வாங்கத்தே, சும்மா போயிட்டு வரலாம். ஒரு தலை கூடுமில்ல.”

“என் தலைக்கும் ஒரு மதிப்பு இருக்குன்னு இன்னிக்காவது தெரிஞ்சுதே உனக்கு.”

கரையே சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். படகுக்காரர், “சார், என்னையும் சேத்து நாப்பத்தொரு பேர், எண்ணிக்கோங்க” என்றார். கை காட்டினேன்.

நடு ஆற்றில் இடுக்குத் துணி பிடுங்கிக்கொண்டு தண்ணீர் ஏறியது; நாற்பத்தொரு பேரும் ஒரே பக்கமாக எழுந்தார்கள், படகு கவிழ்ந்தது. இருபத்துநான்கு பேர் நீந்தி இக்கரைக்கே திரும்பினார்கள். மருமகள் வந்தாள். மாமியார் வரவில்லை. படகுக்காரரும் வரவில்லை. மொத்தம் பதினேழு.

மூன்றாம் நாள் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். எப்படி மனசு வந்தது என்கிறீர்கள். ஏன் வராது? அக்கரையில் யாரும் கால் வைக்கவில்லை. எண் சரி.

நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்பதை நானே நேராகச் சொல்லிவிடுகிறேன், டீ ஆறிப்போகிறது. அந்தப் படகு ஒழுங்காக ஓடியிருந்தால் ஒரே நாளில் மேல்துறையின் மூன்று நாளையும் தாண்டியிருக்கும். விரல் இடுக்கில் இருக்கும்போதே அதை மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். நிறைந்தால் நடு ஆற்றைத் தாண்டாது என்று தெரிந்துதான் நிறைக்கச் சொன்னேன்.

ஆனால் ஒன்றை அறிக்கையில் விட்டுவிடாதீர்கள். இந்தப் பாலம் மேல்துறைக்குப் போயிற்று; அடுத்த பாலத்துக்கு விதியைத் திருத்தியிருக்கிறோம். உயிர்ச்சேதம் நடந்த துறைக்கு, ஓர் உயிருக்குப் பத்து மதிப்பெண். கீழ்த்துறைக்கு இப்போது நூற்றெழுபது. வேறெந்தத் துறையும் கிட்டே வர முடியாது. போன வாரம் நானே பரிந்துரை எழுதி அனுப்பினேன். படகுக்காரர் மட்டும் இருந்திருந்தால், வீடு தேடிப் போய்ச் சொல்லியிருப்பேன்: கவலைப்படாதீங்க, உங்க பாலத்தையும் வாங்கிக் கொடுத்துட்டேன்.