தட்டுக்கு முன்னால் போன ஆரஞ்சுக் கோடு

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை போடும் பன்றி இறைச்சி ரொட்டிக்கு இந்த லிங்கன்ஷயரில் ஈடு கிடையாது, இன்ஸ்பெக்டர். நான் போவது பாதி அதற்காகத்தான். மீதிப் பாதி, மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துத் திருத்துவதற்காக.

குறிக்காக வானில் எறியும் களிமண் தட்டை யாராவது சுடத் தவறினால் "பின்னாடி போச்சு" என்பேன். குண்டு தட்டுக்குப் பின்னால் போய்விட்டது, இன்னும் முன்னால் தள்ளிச் சுடு என்று பொருள். பறக்கிற ஈயச் சிதறல் யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் என்னை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

மேவிஸ் டக்ஸ்வொர்த் பல வருடங்களாக என் பேச்சைக் கேட்டுத்தான் சுட்டாள். திடலை ஒட்டிய பார்லி வயல் அவளுடையது. நான் "பின்னாடி" என்னும்போதெல்லாம் அவள் முன்னால், இன்னும் முன்னால் என்று தள்ளிக்கொண்டே போவாள். பத்துக்கு மூன்று உடையும். நன்றியோடு எனக்கு எலுமிச்சைக் கேக் கொண்டுவருவாள்.

ஜூலையில் ஒரு பெட்டி டிரேசர் தோட்டா வாங்கி வந்தாள். வேடிக்கைக்காக விற்கிற சரக்கு. சுட்டால் குண்டு எரிந்துகொண்டே போகும், அதன் வழி ஆரஞ்சுக் கோடாகத் தெரியும். முதல் தட்டு தப்பியது. நான் வழக்கம்போல் "பின்னாடி" என்றேன். கோடோ தட்டுக்கு இரண்டு கஜம் முன்னால் போயிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"யோவ் க்ளெம், முன்னாடி எது பின்னாடி எதுன்னாவது தெரியுமாய்யா உனக்கு?" என்றான் ரொட்டி போடும் நார்மன்.

மேவிஸ் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷமும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தள்ளுவதைக் குறைத்துச் சுட்டாள். தட்டுகள் வரிசையாகத் தூளாயின. அன்றைக்கு யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை. கேக் நார்மனுக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அந்தத் தோட்டாவைத் தடைசெய்ய ஒரு சின்னத் தீ போதும் என்று தோன்றியது. ஆகஸ்ட் மாதம், மழையில்லை, அறுத்த பார்லித் தாள் மொறுமொறுவென்று கிடந்தது. எல்லோரும் ரொட்டிக்கு வரிசையில் நின்றபோது வேலியோரம் போய் லைட்டரைத் தட்டினேன். "மேவிஸோட தோட்டா பத்த வச்சிருச்சு!" என்று முதலில் கத்தியவனும் நான்தான். எல்லோரும் நம்பினார்கள். அவளே நம்பி அழுதாள்.

காற்று திரும்பும் என்று நான் நினைக்கவில்லை. வயலோரம் அவளுடைய தொழுவத்தில் கன்றுகள் இருந்தன. மேவிஸ் உள்ளே ஓடிக் கதவைத் திறந்துவிட்டாள். அத்தனை கன்றும் பிழைத்தன. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் அதைச் சொல்வதில்லை. தீயில் வெந்த அவளுடைய வலது கை விரல்கள்தான் இனி மடங்காதாம்.

நீங்கள் கண்டெடுத்த லைட்டர் என்னுடையதுதான். தீ வைத்தவனும் நானே. சங்கத்தில் டிரேசரைத் தடைசெய்துவிட்டார்கள், நல்லது. மேவிஸ் இனிமேல் இடது கையால் சுடப் பழக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என்னிடம் அனுப்பிவையுங்கள். பாவம், பொறுமையாகப் பக்கத்தில் நின்று சொல்லித்தர என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?