கெலெமென் தூக்கிய சிவப்புக் கொடி

இபோயா: அட, இறங்குங்கண்ணே! வெந்நீர்க் குளம்தானே, வெந்தா போயிடுவீங்க?

கெலெமென்: நான் ஓரமா உக்காந்துக்கறேன். இடுப்பு எப்படியிருக்கு?

இபோயா: பதினாறு வருஷம் ஹங்கேரிக்காக உயரம் தாண்டின இடுப்பு, இப்போ பஸ் படி ஏறவே கெஞ்சுது. டாக்டர் தினம் இருபது நிமிஷம் ஊறச் சொல்லியிருக்கார். ஊறுகா ஜாடிக்குள்ள வெள்ளரிக்கா மாதிரி ஊறிக்கிட்டிருக்கேன்.

கெலெமென்: ஒரு காகிதம் கொண்டாந்திருக்கேன்...

இபோயா: என்ன, கல்யாணப் பத்திரிகையா? எழுபத்தாறு வயசுல...

கெலெமென்: விளையாடாத. மைதானத்துல உன் பேருக்குக் கல்வெட்டு வைக்கிறாங்கல்ல?

இபோயா: ஆமா, ஞாயித்துக்கிழமை.

கெலெமென்: அதுல எண்பத்தெட்டாம் வருஷத்து ஒலிம்பிக் தேர்வுப் போட்டியப் பத்தியும் எழுதப் போறாங்களாம். நீ ஒன்னு தொண்ணூத்திரண்டு மீட்டர் தாண்டிட்ட, கம்பத் தள்ளினது காத்து, நடுவர் கெலெமென் தாண்டலன்னு செவப்புக் கொடி தூக்கினது தப்புன்னு... நான் கையெழுத்துப் போடணுமாம்.

இபோயா: காத்துன்னா எழுதியிருக்காங்க?

கெலெமென்: உடம்பு படாம காத்துல விழுந்தா, தாண்டினதாத்தானே கணக்கு?

இபோயா: மெதுவா பேசுங்க. அந்தப் பக்கம் தண்ணிக்குள்ள சதுரங்கம் ஆடுற கெழவனுங்க காது பூரா இங்கதான்.

கெலெமென்: கேக்கட்டும்! முப்பத்தேழு வருஷமா கேக்காததா? பேக்கரிக்குள்ள நுழைஞ்சா, 'காத்தடிக்குது, கதவச் சாத்து'ங்கிறாங்க. என் மகனுக்கு அப்போ ஸ்கூல்ல பேரே காத்து.

இபோயா: சின்னப் பசங்கண்ணே...

கெலெமென்: உன் கோச் வெரெஷ் சின்னப் பையனா? சாகற வரைக்கும், நான் எதிர்ல வந்தா ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவார். நடுவர் வேலையும் அதோட போச்சு.

இபோயா: எனக்கும்தான் ஒலிம்பிக் போச்சு.

கெலெமென்: அதுக்குத்தான் வந்தேன்... மன்னிச்சிடும்மா.

இபோயா: எதுக்கு? அன்னிக்கு நீங்க என்ன பாத்தீங்க?

கெலெமென்: உன் குதிகால் உரசினதப் பாத்தேன். பாத்த மாதிரி இருந்துச்சு. ஆனா மூவாயிரம் பேர் 'காத்து, காத்து'ன்னு கத்தினாங்களே! அத்தன பேருக்குமா கண்ணு அவிஞ்சு போச்சு?

இபோயா: கையெழுத்துப் போட்டாச்சா?

கெலெமென்: இன்னும் இல்ல. உன் வாயால ஒரு தடவ 'காத்து'ன்னு சொல்லிடு, போட்டுடறேன். தப்பு பண்ணவன்னு தெரிஞ்சா கூடப் பரவாயில்ல. தெரியாமத்தான் தூக்கம் வரமாட்டேங்குது.

இபோயா: பேனாவ உள்ள வைங்க.

கெலெமென்: இன்னும் கோவம் போகலையா?

இபோயா: அன்னிக்கு நான் தாண்டி விழுந்த மெத்தையில மல்லாக்கக் கெடந்தேன். வெரெஷ் ஓடி வந்து, 'காத்துதானே?'ன்னார். தலையாட்டுனேன்... ஒரே ஒரு தடவ.

கெலெமென்: சரி...

இபோயா: அப்புறம் பேப்பர்காரங்க கேட்டாங்க. பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் கூப்பிட்டாங்க. ஆட்டின தலைய நிறுத்த முடியலண்ணே. பேக்கரியில உங்களச் சொல்லிச் சிரிச்சப்போ... பாவி, நானும் கூட நின்னு சிரிச்சேன்.

கெலெமென்: இபோயா, என்ன சொல்ற நீ?

இபோயா: குதிகால் பட்டுச்சுண்ணே. கம்பு கீழ விழறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.