மண்கரைச்சான் வாய்க்கால்

"தள்ளுடி அந்தப் பக்கம்!" என்று மகளை இடித்துத் தள்ளி, அவள் கையிலிருந்த மண்ணைப் பிடுங்கிக்கொண்டாளாம் வெள்ளச்சி.

பண்ணையார் வரப்பில் நிற்கிறார். நிலம் வாங்க அக்கரையிலிருந்து வந்தவர் பக்கத்தில் நிற்கிறார். நீட்டின கை நீட்டினபடி.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. கொத்தங்கரையில் நிலத்தை விற்றால் ஆளையும் சேர்த்துத்தான் விற்பார்களாம். வயலில் பாடுபடும் அடிமை குனிந்து ஒரு பிடி மண் எடுத்து வாங்குகிறவர் கையில் வைக்கவேண்டும். எடுத்துக் கொடுத்த ஆள் மண்ணோடு போய்விடவேண்டும். அன்றைக்கு விற்றது வடக்கு வயல். அதில் பாடுபடுகிறவள் வெள்ளச்சியின் ஒரே மகள் பூவாயி.

"நானே குடுக்கறேன் ஆண்டே" என்றாளாம் வெள்ளச்சி. சொன்னவள் வரப்புக்கு வரவில்லை. நேரே வாய்க்காலில் இறங்கினாள். மண்ணைத் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்தாள்.

"எங்கடி மண்ணு?"

"இதோ போவுது ஆண்டே. தொரத்திப் புடிச்சிக்குங்க."

பண்ணையார் நடவுப் பெண்களைப் பார்த்து, "எவளாவது எடுங்கடி!" என்று கத்தினார். குனிந்து நட்டுக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்துவிட்டார்களாம்.

மாரான் என்று ஒருத்தன். இலங்கைத் தோட்டத்துக்குப் போய் வந்தவன். யாருக்கும் அடிமையில்லை, அன்றாடக் கூலி. பக்கத்தில் நின்ற அவனைப் பார்த்து, "டேய், நீ எடுடா" என்றார் பண்ணையார்.

"எடுக்கலாம் ஆண்டே. நான் எடுத்தா மண்ணு மட்டுந்தான் போவும். நான் பொழுது சாஞ்சா என் வூட்டுக்குப் போயிருவேன்."

"அவன ஏன் ஆண்டே கெஞ்சுறீங்க?" என்றாளாம் வெள்ளச்சி. "நீங்களே குனிஞ்சி எடுத்துக் குடுங்க. எடுத்த ஆளுதானே அக்கரைக்குப் போவணும்? போயி நல்லா நடவு நடுங்க."

அக்கரைக்காரர் கையை மடக்கிக்கொண்டார். "ஆளில்லாத நெலம் எனக்கெதுக்கு?" என்று கிளம்பிவிட்டாராம்.

வெள்ளச்சியைப் பூவரசில் கட்டிச் சாட்டையால் அடித்தார்கள். சாட்டை ஓய்ந்தபின் பண்ணையார் கேட்டாராம்: "இனிமே செய்வியா?"

"மண்ணு இருக்கு ஆண்டே. தண்ணியும் இருக்கு."

அதற்கப்புறம் கொத்தங்கரையில் மண் எடுத்துக் கொடுக்க ஒருத்தரும் குனியவில்லை என்பார்கள். மண்கரைச்சான் என்று வாய்க்காலுக்குப் பேர் வந்தது அப்படித்தான். இன்றைக்கும் நடவுக்கு இறங்கும் பெண்கள் ஒரு பிடி வயல் மண்ணை அதில் கரைத்துவிட்டுத்தான் நாற்றைத் தொடுவார்கள்.

கட்டவிழ்த்துவிட்டதும் வெள்ளச்சி வாய்க்கால் கரையில் குப்புறக் கிடந்தாளாம். பூவாயி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஈர்க்கை ஒடித்து, ஆத்தாவின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சேற்றை நோண்டி நோண்டித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாளாம்.