மாயெல் பேரில் ஒரு மருந்து

ஜிசேல்: ரேடியோவ அணைக்காத. இன்னொரு தடவை சொல்லட்டும். காதுக்கு இனிமையா இருக்கு.

எர்வான்: காலையிலேர்ந்து அதையேதான கேக்குற...

ஜிசேல்: மாயெலைன். யூங்கிற ஊசியிலை மரத்து இலையிலேர்ந்து எடுத்த புத்தம்புதுப் புற்றுநோய் மருந்து. கண்டுபிடிச்சது என் புருஷன். பேர் மட்டும் உங்க லேப் மாயெல் அம்மணியோடது.

எர்வான்: கண்டுபிடிச்சவனே பேர் வைக்கிறது எங்க வழக்கம். ஒருத்தன் ஊர் பேர வைப்பான், ஒருத்தன் நாய் பேர...

ஜிசேல்: நாய் பேர வச்சிருந்தா நான் ஏன் பேசப்போறேன்?

எர்வான்: அந்தப் பொண்ணுதான் பிரத்தாஞ் பக்கம் சர்ச்சு சர்ச்சா அலைஞ்சு, கல்லறைத் தோட்டத்து மரத்துலேர்ந்து இலை பறிச்சிட்டு வந்தா. கொட்டுற மழையில.

ஜிசேல்: அடடா, நனைஞ்சு வேற போனாளா. குடை பிடிச்சது யாரு?

எர்வான்: ஜிசேல்... எனக்கு அம்பத்தெட்டு வயசு.

ஜிசேல்: அவளுக்கு முப்பது. எனக்கும் கணக்குத் தெரியும். அந்த வெண்ணெய இப்படித் தள்ளு.

எர்வான்: சாயங்காலம் லேப்ல விருந்து. நீ வரலன்னா எல்லாரும் கேப்பாங்க.

ஜிசேல்: வந்து? அவ பேருக்கு நான் ஷாம்பெயின் கிளாஸத் தூக்கணுமா? பக்கத்துக் கட்டடத்துல உக்காந்து உங்க சரக்கையெல்லாம் எலிக்கு ஊசி போட்டு, விஷமா மருந்தான்னு சொல்றவ நான். அந்தக் குப்பி மேல கூட வெறும் நம்பர்தான் ஒட்டி அனுப்புவீங்க. யாரு சரக்கு, என்ன பேரு, ஒண்ணும் சொல்ல மாட்டீங்க.

எர்வான்: தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும்னுதான...

ஜிசேல்: எனக்கு வயிறு எரியுது எர்வான். நேராவே சொல்றேன். நாளைக்கு ஊருல இருக்கிற நோயாளியெல்லாம் அவ பேரச் சொல்லித்தான் பொழைக்கப்போறாங்க. என் பேர ஒரு தடவையாவது நினைச்சியா?

எர்வான்: வச்சேன்.

ஜிசேல்: என்னத்த வச்ச?

எர்வான்: உன் பேரத்தான். இதுக்கு முன்னாடி, அதே இலையிலேர்ந்து இன்னொண்ணு கிடைச்சுது. அதுக்கு ஜிசேலைன்னு பேர் வச்சேன். உன் பிறந்தநாள் அன்னிக்குச் சொல்லலாம்னு...

ஜிசேல்: அப்புறம்?

எர்வான்: நம்பர் ஒட்டி உங்க கட்டடத்துக்கு அனுப்பினேன். எலியெல்லாம் செத்துப்போச்சு. 'விஷம், தூக்கிப் போடவும்'னு உன் கையெழுத்தோட திரும்பி வந்துச்சு.

ஜிசேல்: ஏன் எங்கிட்ட சொல்லல?

எர்வான்: என்னன்னு சொல்றது? உன் பேர நீயே கொன்னுட்டன்னா? அடுத்ததுக்கும் உன் பேர வைக்கப் பயந்துட்டேன். இதுல பத்துக்கு ஒம்போது தேறாது. மாயெல் பேர் செத்தா எனக்குத் தூக்கம் கெடாது ஜிசேல்.

ஜிசேல்: உங்க லேப் பிரிஜித்துக்கு வாய் நிக்குமா? குப்பி வந்த அன்னிக்கே காபி மெஷின்கிட்ட உளறிட்டா. நீயா சொல்லுவேன்னுதான் இத்தன நாள் காத்திருந்தேன். என் பேர்னு தெரிஞ்சேதான் ஊசி போட்டேன். ஒரு தடவை பாத்தாப் போதும்ங்கிறது எங்க முறை. நான் மருந்தக் கொறச்சுக் கொறச்சு மூணு தடவை போட்டேன் எர்வான்... ஒரு எலியாவது பொழைக்காதான்னு.