குதிகாலும் தப்கே வரிசையும்

...வயசுன்னு சொல்லிட்டா தம்பி, உள்ள இருக்காளே ரீமா, பிசியோதெரபிக்காரி. அம்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா? நம்ம ஸஹ்லே ஊர்ல கல்யாணம்னா, கை கோத்து வரிசையா ஆடுவோமே, அந்தத் தப்கே ஆட்டத்துல வரிசைக்கு முதல் ஆளு நாந்தான், முப்பது வருஷமா. கைக்குட்டையைச் சுத்திக்கிட்டு ஓங்கி மிதிச்சேன்னா கடைசி ஆளு வரைக்கும் அதிரும். உக்காருங்க, உங்க முறை வர நேரமாகும்.

காலையில கட்டில விட்டு இறங்கினா முதல் பத்து அடிக்குக் கால் மரக்கட்டை. குதிகாலுக்கு மேல, பின்பக்கம், கயிறு மாதிரி ஒண்ணு ஓடுதில்ல, அங்கதான். கொஞ்சம் நடந்தா விட்டுடும். விட்டுடுச்சேன்னு ஆடப் போனா மறுநாள் ரெண்டு மடங்கு. பொண்டாட்டி செருப்பைக் குத்தம் சொன்னா. நான் மண்டபத்துக்காரன்கிட்ட சண்டைக்குப் போனேன், பளிங்குத் தரையைப் பேத்துப் போடுடான்னு.

ரீமா ரெண்டு விரலால அந்த இடத்தைக் கிள்ளினா. உயிரே போச்சு. "தசைநார் தடிச்சிருக்கு கத்தாஸ் மாமா. அறுந்து போகல. வயசும் ஆச்சு, ஓய்வில்லாம ஆடினதுதான்"னா. குதிக்கக் கூடாதாம். செருப்புக்குள்ள குதிகாலுக்கு ஒரு திண்டு வைக்கணுமாம். படி விளிம்புல நின்னு எம்பி, மெள்...ள இறங்கணும், தினம் பதினஞ்சு தடவை, மூணு சுத்து. அப்படி மூணு மாசம். என் பொண்ணு நஜ்லா கல்யாணத்துக்கு ஆறு வாரந்தான் இருந்துச்சு. வரிசைக்கு முன்னாடி யாரு நிக்கறது, என் மச்சான் ஷிப்லியா? அவன் ஆடினா சிமெண்டு குழைக்கற மாதிரி இருக்கும்.

அதனால நானே கொஞ்சம் கூட்டிக்கிட்டேன். நாப்பத்தஞ்சு தடவைக்கு மூணு மாசம்னா, முன்னூறு தடவைக்கு ரெண்டு வாரம் போதும்ல? மெள்ள இறங்க நேரமில்ல, தொம்முன்னு இறங்கினேன். பாரம் வேணும்னு பக்கத்து வீட்டு ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டேன். அதுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. எனக்குத்தான் வலது காலைத் தரையில வைக்க முடியல.

போன ஞாயித்துக்கிழமை கல்யாணம். என்னை நாற்காலியில உக்கார வச்சுட்டு ஷிப்லி கைக்குட்டையை எடுத்தான். நஜ்லா என்னையே பாத்துக்கிட்டு நின்னா. எப்படி தம்பி உக்காந்திருப்பேன்? போய்ப் புடுங்கிட்டேன். இடது கால் ஒண்ணுலயே நாப்பது நிமிஷம் குதிச்சேன். ஏதோ புது அடவுன்னு நெனச்சு எம்பின்னாடி அறுபது பேரும் ஒத்தக்கால்ல குதிச்சாங்க. எம்பொண்ணு சிரிச்ச சிரிப்பு இருக்கே...

இப்ப இடது காலும் போச்சு. இது ரீமாவுக்கு இன்னும் தெரியாது.

என் கதையையே சொல்லிட்டிருக்கேன். உங்களுக்கு எந்தக் கால்? ...இடதா. எப்பலேர்ந்து? ...ஞாயித்துக்கிழமையிலேர்ந்தா.

மாப்பிள்ளை வீட்டு ஆளா நீங்க?

எங்க தம்பி எந்திரிக்கறீங்க, ரீமாகிட்ட சொல்லவா... நொண்டாதீங்க, மெள்ளப் போங்க.