காலில் ஒட்டிய சக்கை

யுன்ஷியா: ...மறுபடியும் சோயாப்பால் ஆறிப்போச்சு! கடை நம்ம படிக்கட்டுக்குக் கீழதானே இருக்கு? போஜோ ஊரையே சுத்திட்டா வர்றீங்க?

பாவ்லின்: கூட்டம்மா...

யுன்ஷியா: பொய்! நில்லுங்க, உள்ள வராதீங்க. ஷூவைத் தூக்கிக் காட்டுங்க... ஐயோ, இன்னைக்குமா?

பாவ்லின்: என்ன?

யுன்ஷியா: மருந்துச் சக்கை! யாரோ கஷாயம் காய்ச்சிக் குடிச்சிட்டு ரோட்டுல கொட்டினது. மிதிச்சா அவங்க நோய் உங்க காலோட வந்துடாதா?

பாவ்லின்: அதுக்குத்தானே கொட்டுறாங்க. மிதிக்கிறவன் எடுத்துட்டுப் போகட்டும்னு.

யுன்ஷியா: எவனோ மிதிக்கட்டும், நீங்க ஏன் மிதிக்கணும்? சோயாப்பால் வாங்கப் போற ஆளுக்குப் பழைய பாலத்துகிட்ட என்ன வேலை?

பாவ்லின்: பாலமா? நான் பாலம்னு சொல்லவே இல்லையே.

யுன்ஷியா: அது... ஷூவுல ஆத்துச் சேறு இருக்கே!

பாவ்லின்: அடேயப்பா, பெரிய போலீஸ்! சேத்தைப் பார்த்தே, சக்கையைப் பார்த்தியா? இந்தச் சிவப்பு வேர் டான்ஷென். இந்த மஞ்சச் சீவல்...

யுன்ஷியா: ஆரம்பிச்சாச்சா! மூலிகைச் சந்தையில கடை வச்சாலும் வச்சீங்க, வீட்டுக்குள்ளயும் வியாபாரம்.

பாவ்லின்: இது நெஞ்சு மருந்தும்மா. காய்ச்சல் விட்டப்புறமும் சிலருக்கு இதயத்துல வீக்கம் தங்கிடும்ல... அது இதயத்தோட செல்லையெல்லாம் அரிச்சிடாம இருக்கக் குடுக்குறது.

யுன்ஷியா: யாரோ... பாவம்.

பாவ்லின்: பாவம்தான். ஆஸ்பத்திரிக்குப் போறாளோ, வெறும் கஷாயத்தையே நம்பிக் கிடக்குறாளோ...

யுன்ஷியா: போகாம இருப்பாளா? ஸ்கேன் எடுத்து, மாத்திரையும் போட்டுக்கிட்டுதான்... இருப்பா. எனக்கென்ன தெரியும்! சாப்பிடுங்க முதல்ல.

பாவ்லின்: கீழ்வீட்டு ஃபாங் அக்கா அடுப்புலகூட இதே வாசம் வருது.

யுன்ஷியா: அவங்களுக்கு மூட்டு வலி.

பாவ்லின்: மூட்டு வலி உனக்குன்னுல்ல சொன்னே? அதனாலதானே சாயங்காலம் சதுக்கத்துல மத்த பொம்பளைங்களோட ஆடாம, பாட்டுப்பெட்டியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கே?

யுன்ஷியா: ரெண்டு பேருக்கும்தான்! வயசானா வராதா?

பாவ்லின்: முன்வரிசையில நின்னு ஆடுறவ நீ. மழை வந்தாக்கூட உன்னை இழுத்துட்டுத்தான் வரணும்...

யுன்ஷியா: பாலைக் குடிங்க, இன்னும் ஆறிடப் போகுது.

பாவ்லின்: யுன்ஷியா...

யுன்ஷியா: சரி! என் நெஞ்சுதான், என் கஷாயம்தான். போதுமா? உங்க மூக்குக்குப் பயந்துதான் அவங்க அடுப்புல காய்ச்சினேன்.

பாவ்லின்: கட்டின புருஷன்கிட்ட ஏம்மா மறைச்சே?

யுன்ஷியா: நான் தும்மினாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடுற ஆள் நீங்க! இதைச் சொன்னா, என் நெஞ்சைப் பார்ப்பேனா, மயங்கி விழுந்த உங்களைப் பார்ப்பேனா? எனக்கே... எனக்கே பயமா இருந்துச்சுங்க.

பாவ்லின்: டாக்டர் என்ன சொல்றார்?

யுன்ஷியா: வீக்கம் நல்லா வடிஞ்சிடுச்சாம். வசந்த விழாவுல மெதுவா ஆடிப் பார்க்கலாமாம்.

பாவ்லின்: அப்படிச் சொல்லு!

யுன்ஷியா: சிரிக்காதீங்க! வழிப்போக்கன் எவனாவது மிதிக்கட்டும்னு சந்தைமுனையில கொட்டினா, நீங்க மிதிச்சிட்டு வர்றீங்க. பஸ் ஸ்டாண்டுல கொட்டினா அங்கயும் நீங்க! சனியன் தொலையட்டும்னு ஃபாங் அக்கா ஸ்கூட்டர்ல ஏறிப் பாலத்துக்கே போனேன்... அங்கயுமா? இவ்வளவு பெரிய ஊர்ல உங்க கால்தான் கிடைச்சுதா? என் நோய் உங்களுக்கு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?

பாவ்லின்: ஊரான் ஒழுங்கா மிதிச்சு எடுத்துட்டுப் போவான்னு எனக்கென்ன நம்பிக்கை? ஆரம்பத்துலேர்ந்தே நான்தான் தேடிப் போய் மிதிக்கிறேன். நாளைக்கு எங்க கொட்டப் போறேன்னு மட்டும் சொல்லிடு. நான் தெருத்தெருவா அலைஞ்சு கண்டுபிடிக்கிறதுக்குள்ள சோயாப்பால் ஆறிப்போகுது.